வரிசை முடியும்வரை வாசித்தவள்

பதினொரு நிமிடக் குறும்படம் ஒன்றுக்கு சிஞ்சு முதலில் அமைத்த இசையின் நீளம் பதினொரு நிமிடம். அதில் தவறு ஏதும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. படம் ஓடும்வரை இசை ஓட வேண்டும். ஓடியது.

சிஞ்சுவுக்கு இருபத்தொன்பது வயது. மாட்டுப்பட்டிக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்தில் வீடு. அம்மா புஷ்பமேரி கொழுந்தெடுக்கிறார். அப்பா சூசையப்பன் எஸ்டேட் டிராக்டர் ஓட்டுகிறார். சிஞ்சு பி.காம். முடித்துவிட்டு மூணாறில் ஒரு சாக்லேட் கடையில் நிற்கிறாள். கடை வாசலில் ‘வீட்டுத் தயாரிப்பு’ என்று எழுதியிருக்கிறது. எந்த வீடு என்று சுற்றுலா வந்தவர்கள் யாரும் இதுவரை கேட்டதில்லை.

பள்ளிக்கூட நாளிலிருந்து எஸ்டேட்டின் மாதா கோவிலில் ஞாயிறு பூசைக்குக் கீபோர்டு வாசிப்பது அவள்தான். பாட்டுக்கு வாசிப்பது எளிது. பாடுகிறவர்கள் எங்கே போகிறார்களோ அங்கே போனால் போதும். கஷ்டமான பகுதி, பீடத்தில் நற்கருணை அப்பம் தரும் நேரம்; நன்மை வாங்குவது என்பார்கள். சனம் இரண்டு வரிசையாகப் பீடத்தை நோக்கி நகரும். பாடகர் குழு மூன்று சரணம் பாடிவிட்டு, தாங்களும் நன்மை வாங்க வரிசைக்குப் போய்விடும். மீதி வரிசைக்குக் கீபோர்டு மட்டும்தான். எத்தனை பேர் மிச்சம் என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இழுக்க வேண்டும். கடைசி ஆள் தன் இடத்துக்குத் திரும்பி முழங்கால் போடும்போது கடைசி சுரம் அடங்க வேண்டும். முன்னாலேயே நின்றுவிட்டால் சனம் திரும்பி கீபோர்டைப் பார்க்கும் என்பது நம்பிக்கை.

இந்த விதியைக் கொண்டுவந்தவர் பாடகர் குழுத் தலைவர் கபிரியேல். தேயிலை ஃபாக்டரியில் ஃபிட்டர். ஓடுகிற எதுவும் நின்றால் அவருக்குப் பதற்றம் வந்துவிடும்.

“வரிசை முடியிற வரைக்கும் கையை எடுக்கப்படாது. எடுத்தா கோவில் மொட்டையாயிரும்” என்பார்.

சிஞ்சு எடுத்ததில்லை. மழைக்காலத்தில் கூட்டம் குறைந்தால் சுருக்குவாள். திருவிழாவுக்கு மற்ற எஸ்டேட்காரர்களும் வந்தால் அதே நாலு சுரத்தை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் ஓட்டுவாள். அதில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது. ஆனால் அது யாருக்கும் தெரியாத பெருமை. கோவிலில் டியூப்லைட்டுக்குப் பெயர் உண்டு. மின்விசிறி இறக்கை மூன்றிலும் உபயதாரர் பெயர் உண்டு. வாசித்த இசையில் பெயர் எழுத இடமில்லை.

2024 ஜூனில், கொச்சியில் ஒரு நிறுவனம் நடத்தும் இணைய வகுப்பில் சேர்ந்தாள். ஒரு வருடப் படிப்பு. ‘திரை மற்றும் காட்சி ஊடகங்களுக்கான இசைத் தொழில்நுட்பம்’ என்று அதற்கு நீண்ட பெயர். வீட்டில் அதைக் கம்ப்யூட்டர் கோர்ஸ் என்றார்கள். விசாரித்தவர்களிடமும் புஷ்பமேரி அப்படியே சொன்னார். அதன்பிறகு ஆதார் கார்டில் பிழை திருத்தித் தரச் சொல்லி இரண்டு பேர் வந்து போனார்கள்.

வகுப்பு வேலைநாட்களில் மாலை. லயத்தில் சிக்னல் நிற்கும் இடம் சமையலறை ஜன்னல். அடுப்புக்கும் ஜன்னலுக்கும் நடுவே மடிக்கணினியையும் ஒரு சின்னக் கீபோர்டையும் வைத்துக்கொண்டு அவள் நிறையக் கற்றுக்கொண்டாள். நாற்பது வயலின் ஒன்றாக வாசிப்பதை ஒரு விரலால் எப்படி வரவழைப்பது. அந்த நாற்பதில் முப்பதை எப்படித் தூரத்தில் உட்காரவைப்பது. ஒரே கதவு சாத்தும் காட்சியை எப்படிப் பயமாகவும் எப்படி வேடிக்கையாகவும் ஆக்குவது. ஒன்று மட்டும் ஒட்டவில்லை: கிளிக். கணினி காதுக்குள் ‘டிக் டிக்’ என்று தாளம் போடும். அதற்கு ஏற்ப வாசிக்க வேண்டும். அப்படி வாசித்தால்தான் பிறகு எந்த இடத்திலும் வெட்டலாம், நீட்டலாம், நகர்த்தலாம். சிஞ்சு அதை அணைத்துவிட்டு, திரையில் நகரும் ஆளின் காலைப் பார்த்து வாசித்தாள். வகுப்பெடுத்த சார் மலையாளி. “சிஞ்சு, இது நல்லா இருக்கு. ஆனா கிளிக் எவிடே?” என்று ஒவ்வொரு வாரமும் கேட்டார். ஒவ்வொரு வாரமும் அவள் அடுத்த வாரம் என்றாள்.

படிப்பின் கடைசியில் ஒரு உண்மையான படத்துக்கு இசையமைத்துக் காட்ட வேண்டும். படம் அவரவரே தேடிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் நர்மதா வந்தாள்.

நர்மதா கிழக்குப் பாலக்காட்டில் வேலந்தாவளம் பக்கம். குடும்பத்துக்குத் தென்னந்தோப்பு. கோயம்புத்தூரில் காட்சி ஊடகம் படித்தவள், இருபத்துநான்கு வயது. தன் முதல் குறும்படத்துக்கு இசையமைப்பாளர் தேவை என்று மாணவர் குழு ஒன்றில் அறிவிப்புப் போட்டிருந்தாள். இரண்டு பேர் பதில் போட்டார்கள். ஒருவர் படம் எதுவானாலும் ராப் பாடித் தருவதாகச் சொன்னார். மற்றவர் சிஞ்சு.

கதை இதுதான். வாளையார் நெடுஞ்சாலையில் ஏதோ காரணத்தால் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. ஒரு பெண், வரிசையில் எங்கோ நிற்கும் தன் கணவனுக்குச் சாப்பாட்டுத் தூக்கோடு வருகிறாள். ஃபோன் எடுக்கவில்லை. ஒவ்வொரு லாரியாகப் பார்த்துக்கொண்டே நடக்கிறாள். அவனுடைய லாரியைக் கண்டுபிடிக்கிறாள். எஞ்சின் ஓடுகிறது, உள்ளே ஆள் இல்லை. எஞ்சினை அணைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்திருக்கிறாள். அவளைத் தேடி வரிசையின் மறுபக்கமாக நடந்துபோனவன் திரும்பி வருகிறான். படம் முடிகிறது.

சிஞ்சு படத்தை ஒருமுறை பார்த்தாள். நீளமான வரிசை, மெதுவாக நகரும் ஒரு ஆள். இதைவிடத் தனக்குப் பழக்கமான காட்சி இருக்க முடியாது என்று முடிவு செய்தாள்.

படத்தின் தொடக்க எழுத்தில் நர்மதா அப்போதே ஒரு வரியைப் போட்டு அனுப்பியிருந்தாள்: ‘இசை: சிஞ்சு சூசையப்பன்’. அந்த இடத்தில் சிஞ்சு படத்தை நிறுத்தி, திரையைச் செல்ஃபோனில் புகைப்படம் எடுத்துக்கொண்டாள். யாருக்கும் அனுப்பவில்லை.

பதினொரு நிமிட இசை போய்ச் சேர்ந்த மறுநாள் நர்மதா கூப்பிட்டாள்.

“ஏனுங்கக்கா, கேட்டனுங்க. நல்லாத்தான் இருக்குது. ஆனா அந்தம்மா நடக்கறதே கேக்கலீங்க.”

“எதுக்குக் கேக்கணும்? அதான் பாத்தாத் தெரியுதுல்ல.”

“செருப்புச் சத்தத்துக்குன்னு நாலு செருப்பு மாத்தி மாத்தி ரெக்கார்டு பண்ணி வெச்சிருக்கறனுங்கக்கா. எங்கம்மா செருப்பு, எங்க சின்னம்மா செருப்பு, எல்லாம்.”

“ஆளு நடக்கும்போது மியூசிக்கை நிப்பாட்டுனா எப்படிப்பா? எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க.”

“யாருங்க பாப்பாங்க?”

“சனங்கதான்.”

“எந்தச் சனங்க? படத்துல லாரிதானுங்க நிக்குது.”

சிஞ்சு மடிக்கணினியைத் திறந்தாள். சரி, குறைக்கிறேன் என்றாள்.

இரண்டாவது வடிவத்தில் அவள் உண்மையிலேயே குறைத்தாள். அந்தப் பெண் நிற்கும் இடங்களிலெல்லாம் இசையை நிறுத்தினாள்; நடக்கும் இடங்களிலெல்லாம் விட்டுவைத்தாள். பெண் படத்தில் பெரும்பாலும் நடக்கிறாள். அதற்குள் நர்மதா படத்திலும் கை வைத்திருந்தாள். நடுவில் மூன்று லாரிகளைக் காணவில்லை. கிளிக் இல்லாமல் காலைப் பார்த்து வாசித்த இசை இப்போது எந்தக் காலிலும் ஒட்டவில்லை. பெண் ஒரு லாரியை எட்டிப் பார்க்கும்போது எழும்ப வேண்டிய இசை, அவள் அதைத் தாண்டிப் போய்த் தூக்கைக் கை மாற்றும்போது எழும்பியது. தூக்கில் ஏதோ அபாயமான பொருள் இருப்பதுபோல் ஆகிவிட்டது. எந்தத் தாளத்துக்கும் வாசிக்காததால் வெட்டி ஒட்டவும் முடியவில்லை.

“படத்தை லாக் பண்ணியாச்சு, இனிமே ஒரு ஃப்ரேம் மாறாதுன்னு சொன்னியே நர்மதா?”

“லாக்குத்தானுங்கக்கா. சாவி எங்கிட்ட இருக்குதுங்க.”

சிரித்த பிறகு நர்மதா விஷயத்துக்கு வந்தாள். திருவனந்தபுரத்தில் நடக்கும் ஒரு குறும்பட விழாவுக்குப் படத்தை அனுப்ப வேண்டும். திங்கட்கிழமை மத்தியானத்தோடு கடைசி. அதற்குள் சரியாக வரவில்லை என்றால் இணையத்தில் கிடைக்கும் ஆயத்த இசையைப் போட்டுவிடுவதாகச் சொன்னாள். ஒன்று எடுத்தும் வைத்திருந்தாள். அதன் பெயர் ‘சோகப் பியானோ 14’. மற்ற பதிமூன்றையும் கேட்டுப் பார்த்துக் கழித்திருந்தாள்.

“தப்பா நெனச்சுக்காதீங்கக்கா. எனக்கும் இது மொதல் படமுங்க.”

“அப்ப பேரு?”

“அது… வேற இசையின்னா வேற பேருதானுங்களே போடோணும்.”

அது வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை கடையில் விடுமுறைக் கூட்டம். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு சிஞ்சு வழக்கம்போல் கோவிலில் கீபோர்டு முன்னால் இருந்தாள். வெளியே நல்ல மழை.

மூன்று சரணம் முடிந்தது. பாடகர் குழு வரிசைக்குப் போனது. சிஞ்சு நாலு சுரத்தை எடுத்து இழுக்கத் தொடங்கினாள். பாதி வரிசை மிச்சம் இருக்கும்போது கரண்டு போனது. இன்வெர்ட்டர் பீடத்து விளக்குக்கும் ஃபாதரின் மைக்குக்கும் மட்டும். கீபோர்டின் சிவப்பு விளக்கு அணைந்தது. அவள் கை ஓடிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் கட்டைகளின் ‘டப் டப்’ மட்டும் கேட்டது. கையை எடுத்தாள்.

சனம் திரும்பிப் பார்க்கப்போகிறது என்று காத்திருந்தாள். கபிரியேல் ஒருவர்தான் திரும்பினார். அவரும் பார்த்தது ஸ்விட்ச் போர்டை.

மற்றவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். தகரக் கூரையில் மழை. ஈர மழைக்கோட்டுகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம். சிமெண்டுத் தரையில் வெறுங்கால்கள். முதலில் நிறையக் கால்கள், பிறகு கொஞ்சம் கால்கள். ஒரு குழந்தை எதையோ கேட்டது. ஒரு கை அதன் வாயைப் பொத்தியது. கடைசியில் செபமாலையம்மாள், தடியோடு. தடி, கால், கால். தடி, கால், கால். அவர் தன் பெஞ்சுக்குப் போய் முழங்கால் போட்டார். வரிசை முடிந்தது. இதற்கு மேல் யாரும் எதையும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

பூசை முடிந்து இறங்கும்போது புஷ்பமேரி மகளின் குடைக்குள் வந்தார்.

“இன்னைக்கு நல்லா வாசிச்சேடி.”

“எதைம்மா?”

“நன்மை வாங்கும்போது. எனக்கு அழுகையே வந்துருச்சு.”

“பாதியில கரண்டு போயிருச்சும்மா. அப்புறம் நான் வாசிக்கவே இல்ல.”

புஷ்பமேரி கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே நடந்தார்.

“அதான் சத்தம் கம்மியா இருந்துச்சு போல” என்றார்.

சிஞ்சுவுக்கு இதை அவமானமாக எடுத்துக்கொள்வதா என்று முடிவு செய்ய நேரமில்லை. திங்கட்கிழமை மத்தியானம் அடுத்த நாள்தான். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே கரண்டு வந்தது. மடிக்கணினியைத் திறந்து, செய்திருந்த இசை முழுவதையும் ஊமையாக்கிவிட்டுப் படத்தை ஓட்டினாள். அப்போதுதான் ஒன்று உறைத்தது. இந்தப் படத்தை முதல்முறைக்குப் பிறகு அவள் அதன் சொந்தச் சத்தத்தோடு பார்த்ததே இல்லை. வாசிக்க இடைஞ்சல் என்று அதைத்தான் எப்போதும் அணைத்து வைத்திருந்தாள்.

நர்மதா சும்மா இருக்கவில்லை. செருப்புச் சத்தம் தார் ரோட்டில் ஒரு மாதிரி, ஓரத்து ஜல்லியில் ஒரு மாதிரி இருந்தது. ஒரு லாரிக்குள்ளிருந்து மலையாள வானொலி, அடுத்ததிலிருந்து கன்னடம், அதற்கடுத்ததிலிருந்து குறட்டை. தூக்கு வாளியின் கைப்பிடி ஒவ்வொரு எட்டுக்கும் கிறீச்சிட்டது. எல்லாவற்றுக்கும் அடியில் எஞ்சின்களின் உறுமல். அந்தப் பெண் கணவனின் லாரியை அடையும்போது மற்றவை பின்னுக்குப் போய் அந்த ஒரு எஞ்சின் மட்டும் பக்கத்தில் கேட்டது. அவள் சாவியைத் திருப்பியதும் அதுவும் நின்றது.

சிஞ்சு அந்த இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். உறுமலோடு சேர்த்துக் கீபோர்டில் ஒவ்வொரு கட்டையாக அழுத்திப் பார்த்தாள். எஞ்சின் கீழ் ‘ஜி’க்கும் அதற்கு முந்திய கட்டைக்கும் நடுவே எங்கோ நின்றது. மென்பொருளில் செல்லோ என்ற பெரிய வயலின்களின் சுருதியை முடி அளவு இறக்கினாள். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. எஞ்சின் உறுமும்போதே செல்லோ அதற்குள் ஒளிந்து தொடங்கும். அந்தப் பெண் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் நிற்கும்; சுரம் நிற்காது. அவள் படியில் உட்கார்ந்திருக்கும்வரை அது இருக்கும், மேலே இன்னும் இரண்டு சுரம் மெதுவாகச் சேரும். கணவன் மறுபக்கத்திலிருந்து வரும் காலடி கேட்பதற்கு முன்பே தீர்ந்துவிடும். அவ்வளவுதான். நடக்கிற இடங்களில் ஒன்றும் இல்லை.

இந்த முறை கிளிக்கைப் போட்டுக்கொண்டு வாசித்தாள். நர்மதாவின் கையில் படத்தின் சாவி இருந்ததால்.

நடுவில் கபிரியேல் வந்து எட்டிப் பார்த்தார். கோவில் கீபோர்டுக்கும் இன்வெர்ட்டரிலிருந்து ஒரு வயர் இழுத்துவிட்டதாகவும், இனிமேல் இப்படி அசிங்கம் நடக்காது என்றும் தைரியம் சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை காலை கடையைத் திறந்து, முதல் கூட்டத்துக்கு முந்திரி சாக்லேட் நிறுத்துக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது.

“அக்கா, ஃபைலு பாதிதானுங்க வந்திருக்குது.”

“முழுசுதான் அனுப்பிருக்கேன்.”

“ஒன்னேமுக்கா நிமிசந்தானுங்க இருக்குது.”

“ஆமா.”

“மிச்சம்?”

“மிச்சம் உன் செருப்பு.”

“படத்தோட சேத்துப் பாத்தியா?” என்று சிஞ்சு கேட்டாள்.

“இன்னும் இல்லீங்க.”

“பாத்துட்டுக் கூப்பிடு. இங்க ஆளு நிக்கிறாங்க.”

அடுத்த அரை மணி நேரத்தில் சிஞ்சு ஒரு குஜராத்திக் குடும்பத்துக்குக் காபிச் சாக்லேட்டுக்குப் பதிலாக மிளகாய்ச் சாக்லேட்டைக் கட்டிக் கொடுத்தாள். அவர்கள் பேருந்து ஏறிய பிறகுதான் அது தெரிந்தது. ஃபோன் மறுபடி அடித்தது.

“அக்கா.”

“சொல்லு.”

“எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியலீங்கக்கா. வண்டி நின்ன பொறகுதானுங்க, அட, இது வண்டிச் சத்தம் இல்லியேன்னு… அந்த எடத்த மட்டும் நாலு தடவ பாத்துட்டனுங்க.”

“ம்.”

“எங்கப்பாவும் பக்கத்துல உக்காந்து பாத்தாருங்க.”

“என்ன சொன்னாரு?”

“படம் நல்லா இருக்குது சாமி, மியூசிக் எப்பப் போடுவீங்கன்னு கேக்கறாருங்க.”

சிஞ்சு எடைத்தட்டில் கையை ஊன்றிக்கொண்டாள். “நீ என்ன சொல்ற?”

“நானா? சோகப் பியானோவ அழிச்சுப்போட்டனுங்க. படத்த இப்பத்தான் ஏத்திக்கிட்டிருக்கறேன். நெட்டு மெதுவாப் போகுது. பேரு அப்படியே இருக்குதுங்க, நீங்க பயப்படாதீங்க.”

“நான் எங்க பயந்தேன்?”

“வெள்ளிக்கிழமை பியானோன்னதும் மொதல் கேள்வியே பேருதானுங்களே கேட்டீங்க.”

கொச்சி நிறுவனத்துக்கும் அதே ஒன்றேமுக்கால் நிமிடத்தைத்தான் சிஞ்சு கடைசி வேலையாக அனுப்பினாள். அவர்களுடைய விதிப்படி குறைந்தது ஐந்து நிமிட இசை வேண்டும். சார் அவளுடைய கிளிக்கைப் பாராட்டி ஒரு வரி எழுதி, அதற்குக் கீழே ‘தேர்ச்சி இல்லை’ என்று குறித்திருந்தார். மறுதேர்வுக்கு அவர்களே ஒரு காட்சி அனுப்பியிருக்கிறார்கள்: முயலை நாய் துரத்தும் கார்ட்டூன், ஐந்தரை நிமிடம், நடுவில் எங்கும் நிற்காமல். அதற்கு இசையமைப்பதில் சிஞ்சுவுக்கு எந்தச் சிரமமும் இல்லை.

விழாவுக்கு வந்த படங்களில் நர்மதாவின் படம் தேர்வானது. டிசம்பர் இரண்டாவது ஞாயிறு காலை பத்து மணிக் காட்சி. நர்மதாவும் அவள் அப்பாவும் பாலக்காட்டிலிருந்து ரயிலில் வருகிறார்கள். சிஞ்சுவும் புஷ்பமேரியும் சனிக்கிழமை மத்தியானம் மூணாறிலிருந்து பஸ் ஏறுகிறார்கள். அந்த ஞாயிறு பூசைக்குக் கோவிலில் இன்வெர்ட்டர் வயர் இருக்கும்; கீபோர்டு வாசிக்க ஆள் இருக்காது.